பாஸ்க் விழாவும் விடுதி நடத்திய பெண்களும்

ஆசிரியருக்கு வணக்கம்.

அமெரிக்காவில் வாழும் பாஸ்க் மக்களின் கொண்டாட்டங்கள் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஐடஹோ மாநிலத்தின் பாய்சி நகரத்திலேயே குடியிருப்பவள் என்பதால் ஆர்வமாகத்தான் படித்தேன். படங்கள் நன்றாக இருந்தன. சிவப்புப் பாவாடை, வெள்ளைச் சட்டை, தலையில் கறுப்புத் தொப்பி, பெரிய தட்டையான இரும்புச் சட்டியில் வேகும் பயேயா சோறு என்று எல்லாம் வந்துவிட்டது. ஆனால் கட்டுரை முழுக்க ஒரே பல்லவி: மலையில் தனியாக ஆடு மேய்த்த ஆண்கள் தங்கள் பண்பாட்டைக் கட்டிக்காத்து இப்படி ஒரு விழாவாக விட்டுவிட்டுப் போனார்கள் என்று. எனக்கு இது ஒப்பவில்லை. மலையில் இருந்தவனுக்கு ஒரு நாயும் இரண்டாயிரம் அளவில் ஆடும்தான் துணை, அவன் யாரோடு கைகோத்து ஆடுவான்? விழா என்றால் கூட்டம் வேண்டும், கூட்டம் கூட ஒரு இடம் வேண்டும், அந்த இடத்தில் அடுப்பு எரிய வேண்டும். அந்த இடம் ஊருக்குள் இருந்த பாஸ்க் விடுதிகள். அடுப்பை எரித்தவர்கள் பெண்கள். உங்கள் கட்டுரையில் விடுதி என்ற பேச்சே இல்லை, பெண்கள் ஆடும் படத்தில் மட்டும் இருக்கிறார்கள். அதனால்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகப் போகும், இடம் போதாவிட்டால் வெட்டிக்கொள்ளுங்கள், ஆனால் விடுதிகள் வரும் பகுதியில் கத்தரியை வைக்காதீர்கள்.

முதலில் இவர்கள் ஏன் வந்தார்கள் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்பெயினும் பிரான்சும் சேரும் பிரனீஸ் மலையின் மேற்குக் கோடி இவர்கள் ஊர், நான்கு மாகாணங்கள் ஸ்பெயின் பக்கம், மூன்று பிரான்ஸ் பக்கம். குடும்பப் பண்ணையைத் துண்டு போடாமல் ஒரே பிள்ளைக்குக் கொடுக்கும் வழக்கம் அங்கே இருந்தது. மற்ற பிள்ளைகள் கப்பலேறவோ, பாதிரியாராகவோ கன்னியாஸ்திரியாகவோ போகவோ வேண்டியதுதான். அப்புறம் 19-ஆம் நூற்றாண்டில் உள்நாட்டுப் போர்கள் வேறு. முதலில் தென் அமெரிக்காவுக்குத்தான் கூட்டமாகப் போனார்கள், அர்ஜென்டினாவின் புவெனஸ் ஐரஸ் நகரத்தில் 1877-இல் தொடங்கிய லாவுராக் பாத் சங்கம் இன்றும் நடக்கிறது. கலிபோர்னியாவில் 1849-இல் தங்கம் தேடி ஓடியவர்களோடு சில பாஸ்க்காரர்களும் வந்தார்கள், தங்கத்தைவிட ஆட்டில் காசு இருப்பதைப் பார்த்துவிட்டு அதில் இறங்கினார்கள், அங்கிருந்து நெவாடா, ஒரிகன், ஐடஹோ என்று பரவினார்கள். பாய்சிக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் பிஸ்காயா மாகாணத்துக் கடலோரக் கிராமத்துக்காரர்கள். அதில் எத்தனையோ பேர் ஊரில் ஆடு மேய்த்ததே இல்லை! மீன்பிடித்தவர்கள், சின்ன நிலத்தில் பாடுபட்டவர்கள். ஆங்கிலம் தெரியாமல் கிடைக்கக்கூடிய வேலை ஆடு மேய்ப்பதுதான் என்பதால் மேய்த்தார்கள். 'பரம்பரை மேய்ப்பர்கள்' என்று உங்கள் கட்டுரை சொல்வது அழகாக இருக்கிறது, உண்மை அப்படி இல்லை.

அந்த வேலை எப்படிப்பட்டது என்பதை ஆஸ்பென் மரங்களைப் பார்த்தால் தெரியும். நெவாடா, ஐடஹோ, கலிபோர்னியா மலைகளில் அந்த வெள்ளைப் பட்டை மரங்களில் கத்தியால் கீறிய பெயர்கள், வருடங்கள், சொந்த ஊரின் பெயர், பெண்களின் உருவங்கள், முதலாளியைத் திட்டிய வரிகள்கூட இருக்கின்றன. மரங்கள் வயதாகிச் சாய்வதால் ஆராய்ச்சியாளர்கள் அவசர அவசரமாகப் பதிவு செய்துகொண்டிருக்கிறார்கள். மாதக்கணக்கில் மனித முகம் பார்க்காமல் புத்தி பேதலித்துப்போனவர்கள் உண்டு. இதைப் பண்பாட்டுப் பாதுகாப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கோடையில் மலை, குளிர்காலத்தில் கீழே பாலைப் பக்கம். மந்தைகள் சேர்க்கப்பட்டு ஆள் குறைக்கப்படும் குளிர் மாதங்களில் வேலை இல்லாதவர்கள் ஊருக்குள் வருவார்கள். அப்போது அவர்கள் போய் இறங்கிய இடம்தான் ஒஸ்டாட்டு என்று அவர்கள் சொல்லும் விடுதி. திருவல்லிக்கேணி மேன்ஷனையும் மெஸ்ஸையும் ஒரே கூரையின் கீழ் வைத்து, அதோடு தபால் நிலையம், வங்கி, வேலைவாய்ப்பு அலுவலகம், மருத்துவமனை எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டால் அதுதான் அது. மேய்ப்பனுக்கு ஊரில் முகவரி கிடையாது, அம்மாவின் கடிதம் விடுதிக்குத்தான் வரும். கூலிப் பணத்தை விடுதிக்காரரிடம் கொடுத்துவைப்பான். டாக்டரிடம் போக, கடையில் பூட்ஸ் வாங்க, வழக்கு வந்தால் வக்கீலிடம் பேச, எல்லாவற்றுக்கும் மொழிபெயர்க்க விடுதிக்காரரோ அவர் மனைவியோ கூடப் போவார்கள். தூரத்துப் பண்ணைகளில் இருந்த பெண்கள் பிரசவத்துக்கு வந்து தங்கியதும் இங்கேதான். நீளமான மேஜை, யார் பக்கத்தில் இடம் இருக்கிறதோ அங்கே உட்கார வேண்டும், சூப்பும் பீன்ஸும் கறியும் பெரிய கிண்ணங்களில் கைமாறி வரும். இன்றும் நெவாடாவில் எல்கோ நகரத்து ஸ்டார் ஹோட்டலில் (1910-இல் கட்டியது) இப்படித்தான் சாப்பாடு, முன்பின் தெரியாதவர் உங்களுக்குப் பீன்ஸ் கிண்ணத்தை நகர்த்துவார்.

பாய்சியில் குரோவ் தெருவில் ஒரு சின்ன செங்கல் வீடு இருக்கிறது. 1864-இல் சைரஸ் ஜேக்கப்ஸ் என்ற வியாபாரி கட்டியது, ஊரில் மிஞ்சியிருக்கும் செங்கல் கட்டடங்களில் மிகப் பழையது. 1910-இல் அது பாஸ்க் விடுதியானது. பிறகு உபெருவாகா குடும்பம் எடுத்து நடத்தி 1969 வரை அங்கே ஆட்கள் தங்கினார்கள். இப்போது பக்கத்தில் இருக்கும் பாஸ்க் அருங்காட்சியகத்தின் பொறுப்பில் இருக்கிறது, உள்ளே போய்ப் பார்க்கலாம். அந்த அளவுள்ள வீட்டில் குடும்பமும் இருந்து வாடகைக்கு ஆட்களையும் வைத்து மூன்று வேளையும் சமைத்துப்போட்டால் சமையலறையில் நின்றவளின் நாள் எப்போது தொடங்கி எப்போது முடிந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். மேய்ப்பர்களின் துணி துவைப்பதும் அவள் தலையில்தான். மாதக்கணக்கில் ஆட்டோடு படுத்தவனின் துணி எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இவளுக்கு உதவிக்கு ஊரிலிருந்து பெண்களை வரவழைப்பார்கள். கிராமத்திலிருந்து நேராகக் கப்பல், அப்புறம் ரயில், இறங்கியதும் விடுதி அடுப்படி. ஆண்கள் நிறைய, பாஸ்க் பெண்கள் குறைவு, ஆகவே வந்த பெண் வேலைக்காரியாக அதிக காலம் இருப்பதில்லை, சாப்பிட வந்தவர்களில் ஒருவரைக் கல்யாணம் செய்துகொள்வாள். பிறகு சிலர் அடுத்த தெருவிலோ அடுத்த ஊரிலோ சொந்தமாக ஒரு விடுதி தொடங்குவார்கள். புருஷன் பல வீடுகளில் தொடர்ந்து மந்தையோடு மலைக்குப் போய்விடுவார், விடுதி அவள் பெயரில் ஓடும். கல்யாண விருந்தும் ஞானஸ்நான விருந்தும் இறுதிச் சடங்கு விருந்தும் நடந்தது இந்த மேஜைகளில்தான். ஞாயிறு ராத்திரி மேஜைகளைச் சுவரோரம் தள்ளினால் ஆட்டம். அக்கார்டியன் ஒன்று, பண்டேரோ எனும் கஞ்சிரா மாதிரியான தோல்வாத்தியம் ஒன்று, போதும். மூலையில் நாலு பேர் முஸ் ஆடுவார்கள். அது சீட்டாட்டம்தான், ஆனால் கண்ணடித்தும் நாக்கை நீட்டியும் கூட்டாளிக்குச் சைகை காட்டுவது விதிப்படியே அனுமதி! இன்றைக்கும் எல்லாப் பாஸ்க் சங்கங்களும் போட்டி வைத்து ஆடுகின்றன, வட அமெரிக்க அளவில் இறுதிச்சுற்று நடக்கிறது. வசதியான விடுதிகள் பெலோத்தா ஆட, அதாவது சுவரில் பந்தை அடித்து ஆட, உயரமான சுவரோடு மைதானமே கட்டிக்கொண்டன. பாய்சியில் அண்டுயிசா விடுதிக்குள் 1914-இல் கட்டியது இன்னும் ஆட்டத்தில் இருக்கிறது. ஒரிகனில் ஜோர்டன் வேலி என்ற குட்டி ஊரில் 1915-இல் கல்லில் கட்டிய சுவர் நெடுஞ்சாலையிலிருந்தே தெரியும்.

விழா இங்கேதான் பிறந்தது என்று நான் சொல்வதற்கு ஒரு ஆளையே சாட்சியாகக் கூப்பிடலாம், ஜிம் ஹவுசோரோ. பாய்சிக்குப் பக்கத்து ஊரான நாம்பாவில் அவருடைய பெற்றோர் விடுதி நடத்தினார்கள், அங்கே தங்கிய மேய்ப்பர்கள் வாசித்த அக்கார்டியனைக் கேட்டு வளர்ந்த பையன் அவர். பிறகு பல பத்தாண்டுகள் இந்த ஊரில் பாஸ்க் ஆட்டம் என்றால் அவர் அக்கார்டியன்தான், பக்கத்தில் டொமிங்கோ அன்சொட்டெகி பண்டேரோ தட்டுவார். 1985-இல் அமெரிக்க அரசின் தேசியப் பாரம்பரியக் கலைஞர் விருது ஹவுசோரோவுக்குக் கிடைத்தது. விடுதி இல்லையென்றால் அந்தப் பையன் காதில் அந்த இசை விழுந்திருக்காது. இன்னொருவர் ஹுவானிட்டா ஹொர்மெச்சியா, உபெருவாகா குடும்பத்தில் பிறந்தவர். 1940-களின் கடைசியில், அமெரிக்காவில் பிறந்த பாஸ்க் பிள்ளைகளுக்கு ஊர் ஆட்டம் மறந்துபோகிறதே என்று தானே வகுப்பு எடுக்கத் தொடங்கியவர். உங்கள் கட்டுரை 'தலைமுறை தலைமுறையாகத் தானாகவே வந்தது' என்கிறது. தானாக எதுவும் வரவில்லை, ஒரு பெண்மணி உட்கார்ந்து சொல்லிக்கொடுத்ததால் வந்தது.

1960-இல் பாய்சியிலிருந்து சில இளைஞர்கள் பாஸ்க் நாட்டுக்குப் போய், அங்கே டொனோஸ்டியா நகரத்தில் ஓய்ன்காரி என்ற குழுவிடம் ஆட்டம் கற்றுக்கொண்டு வந்து அதே பெயரில் இங்கே குழு தொடங்கினார்கள். 1962 சியாட்டில் உலகக் கண்காட்சியில் ஆடினார்கள். அப்போது அங்கே ஸ்பெயின் சர்வாதிகாரி ஃபிராங்கோவின் ஆட்சி, பாஸ்க் கொடியை ஏற்ற முடியாது, அது 1977-இல்தான் மறுபடி சட்டப்படி பறந்தது. இங்கே பாய்சியில் யாரும் தடுக்கவில்லை. இதை உங்கள் கட்டுரையாளர் சரியாகவே தொட்டிருக்கிறார், பாராட்ட வேண்டும்.

சரி, வீட்டுக்குள் நடந்த ஆட்டம் தெருவுக்கு எப்போது வந்தது? ரொம்பத் தாமதமாக. சொந்த நிலம் இல்லாமல் பொது நிலத்தில் மந்தையோடு சுற்றியவர்கள் மேல் மாட்டுப்பண்ணைக்காரர்களுக்குக் கடும் கோபம். 'பாஸ்கோ' என்று ஏளனமாகக் கூப்பிடுவார்கள், பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கும் அதே பேச்சு. 1934-இல் டெய்லர் மேய்ச்சல் சட்டம் வந்து நிலமில்லாதவன் சுற்றி மேய்ப்பதற்கு முடிவுகட்டியது. இந்த நிலைமையில் யார் தெருவில் இறங்கிச் சிவப்புப் பாவாடை கட்டி ஆடுவார்கள்? மூடிய கதவுக்குள் ஆடுவதுதான் பாதுகாப்பு. குளிர்காலத்தில் பாய்சியில் நடக்கும் மேய்ப்பர் நடன விழாவும் அப்படி உள்ளரங்க விஷயமாகத்தான் தொடங்கியது, ஆட்டுக்குட்டியை ஏலம் விட்டு அந்தப் பணத்தை நல்ல காரியத்துக்குக் கொடுப்பார்கள்.

1959-இல் நெவாடாவின் ஸ்பார்க்ஸ் நகரத்தில் பெரிய அளவில் வெளிப்படையாக ஒரு பாஸ்க் விழா நடந்தது. ஸ்பெயின் பக்கத்துக்காரர்களும் பிரான்ஸ் பக்கத்துக்காரர்களும், அதுவரை அவரவர் ஊரில் அவரவர் விடுதியில் இருந்தவர்கள், ஒரே மைதானத்தில் பல ஆயிரம் பேராகச் சேர்ந்தார்கள். அடுத்தடுத்து ஊருக்கு ஊர் சங்கங்கள், எல்கோவில் 1964 முதல் ஜூலை 4-ஐ ஒட்டி தேசியப் பாஸ்க் விழா, 1973-இல் எல்லாச் சங்கங்களையும் இணைக்கும் கூட்டமைப்பு. மரம் வெட்டும் போட்டி, பளு தூக்கிக்கொண்டு நடக்கும் போட்டி, கயிறு இழுத்தல், அப்புறம் இர்ரின்ட்ஸி போட்டி. கடைசியில் சொன்னது மலைக்கு மலை கேட்கும்படி மூச்சு விடாமல் குலவை மாதிரி கூவுவது, பாட்டிமார்கள் மேடையேறி வாலிபர்களைத் தோற்கடிப்பதைப் பார்க்க வேண்டும்.

பாய்சியில் 1987-இல் ஹையால்டி என்ற பெரிய பாஸ்க் விழா தொடங்கி, 1990-க்குப் பிறகு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஜூலை கடைசியில் நடக்கிறது. புனித இஞ்ஞாசியாரின் திருநாள் ஜூலை 31, அதை ஒட்டித்தான். 2020-இல் கோவிட் வந்து தள்ளிப்போட்டார்கள், மறுபடி தள்ளிப்போட்டார்கள், கடைசியில் 2015-க்குப் பிறகு 2025-இல்தான் நடத்த முடிந்தது. நடுவில் பத்து வருடம். உங்கள் கட்டுரையாளருக்கு இதைப் பார்த்து 'பண்பாடு அழிவின் விளிம்பில்' என்று தோன்றியிருக்கிறது. குரோவ் தெருவில் இருப்பவர்களிடம் கேட்டிருந்தால் சிரித்திருப்பார்கள். பெரிய விழா நடக்காத வருடங்களிலும் முஸ் மேஜை நடந்தது, பிள்ளைகளின் நடன வகுப்பு நடந்தது, 1998-இல் தொடங்கிய இகஸ்டோலா மழலையர் பள்ளியில் பிள்ளைகள் எயுஸ்கராவில், அதாவது பாஸ்க் மொழியில், பாடிக்கொண்டிருந்தார்கள். அமெரிக்காவில் அப்படி ஒரு மழலையர் பள்ளி இது ஒன்றுதான். 1949-இல் தொடங்கிய எயுஸ்கால்துனாக் சங்கத்தின் கட்டடத்தில் பார் இருக்கிறது, சமையலறை இருக்கிறது, விருந்து இருந்தால் உறுப்பினர்களே வெங்காயம் உரிக்கிறார்கள். விடுதிகள் போன பிறகு அவற்றின் வேலையைச் செய்வது இந்தக் கட்டடம்தான். மைக்ரான் கம்பெனி வேலைக்கு வந்து இங்கே குடியேறிய நம் தமிழ்க் குடும்பங்கள் சிலர் பேசிக்கொள்ளும்போது 'அவங்களுக்குச் சொந்தக் கட்டடம் இருக்கு, நாம பள்ளிக்கூட ஹாலை வாடகைக்கு எடுக்கிறோம்' என்று ஏக்கமாகச் சொல்வது உண்டு. ஏக்கம் நியாயம்தான், ஆனால் சும்மா வரவில்லை, அதற்கு முன்னால் அரை நூற்றாண்டு விடுதிகள் இருந்தன.

இன்னொரு விஷயம், இதைச் சொல்லாமல் விட மனமில்லை. 1970-களுக்குப் பிறகு பாஸ்க் நாட்டிலிருந்து மேய்க்க ஆள் வருவது கிட்டத்தட்ட நின்றுபோனது, அங்கே வாழ்க்கை நன்றாகிவிட்டது. இன்று இந்த மாநிலத்து மலைகளில் ஆடு மேய்ப்பவர்கள் பெரும்பாலும் பெரு நாட்டுக்காரர்கள். அதே மாதிரி சக்கர வண்டி வீடு, அதே தனிமை. தற்காலிக விசாவில் வந்த இவர்களுக்கு 2015-இல் விதி மாறும் வரை பல மாநிலங்களில் மாதம் 750 டாலர் அளவில்தான் சம்பளம். ஐடஹோவில் இலையுதிர் காலத்தில் ஆட்டு மந்தையை ஊர் நடுத்தெரு வழியாக ஓட்டிப்போகும் விழா ஒன்று உண்டு, ஓய்ன்காரி குழுவும் ஆடும், பெருவின் இசைக்காரர்களும் வாசிப்பார்கள். பெரு மேய்ப்பர்களுக்கு ஊருக்குள் ஒஸ்டாட்டு கிடையாது, நீள மேஜை கிடையாது, மொழி தெரிந்த விடுதிக்கார அம்மா கிடையாது. மேய்ப்பரின் தனிமையைக் காவியமாக எழுதுகிறவர்கள் இவர்களையும் ஒரு வரி எழுதலாம். உங்கள் கட்டுரையில் வரும் 'மறைந்துபோன தொழில்' மறையவில்லை, ஆள்தான் மாறியிருக்கிறார்.

உணவுப் பகுதிக்கு வருகிறேன். விழாவில் விற்கும் எல்லாவற்றையும் 'ஆதிகாலப் பாஸ்க் உணவு' என்று ஒரே கூடையில் போட்டிருக்கிறீர்கள். குரோக்கெட்டா என்ற பொரித்த உருண்டை பாஸ்க் நாட்டிலிருந்து வந்தது, சரி. சொரிசோ என்ற காரமான பன்றி இறைச்சித் தொத்திறைச்சியை நீள பன்னில் வைத்து ஹாட் டாக் மாதிரி கொடுப்பது பாஸ்க் நாட்டு வழக்கம் அல்ல, இந்த ஊர் ஏற்பாடு. நெவாடா, கலிபோர்னியா பார்களில் விடுதிக் காலத்திலிருந்து குடிக்கும் பிகோன் பஞ்ச் என்ற கசப்பு மதுவை பாஸ்க் நாட்டின் பில்பாவோ நகரத்துப் பாரில் கேட்டால் முழிப்பார்கள். மேய்ப்பர் ரொட்டி, குழி தோண்டித் தணலில் இரும்புச் சட்டியைப் புதைத்துச் சுடுவது, அமெரிக்க மலைமுகாமில் உருவான வடிவம். இதில் எந்தக் குறையும் இல்லை, வந்த இடத்தில் கிடைத்ததை வைத்துச் செய்ததுதான். ஆனால் ஆதிகாலம் என்று போடுவது தப்பு.

கலிபோர்னியாவில் பேக்கர்ஸ்ஃபீல்டு நகரத்து நொரியேகா ஹோட்டல் 1893 முதல் இருந்தது, ராத்திரி 7 மணிக்கு ஒரே பந்தி, தாமதமாகப் போனால் சூப் போய்விடும். 2011-இல் அமெரிக்க உணவகங்களுக்குக் கொடுக்கும் ஜேம்ஸ் பியர்டு விருது வாங்கிய இடம், 2020-இல் கோவிட் சமயத்தில் மூடிவிட்டார்கள். அழிவைப் பற்றி எழுத வேண்டுமென்றால் இதைப் பற்றி எழுதியிருக்கலாம், ஹையால்டி தள்ளிப்போனதைப் பற்றி அல்ல.

அடுத்த ஹையால்டி வரை காத்திருக்க வேண்டாம் என்று உங்கள் கட்டுரையாளரிடம் சொல்லுங்கள். ஒவ்வொரு வருடமும் ஜூலை கடைசி வாரக்கடைசியில் இஞ்ஞாசியார் விழா குரோவ் தெருவில் நடக்கும், கூட்டம் குறைவு, பேச ஆள் கிடைப்பார்கள். வந்தால் மேடைக்கு முன்னால் நிற்காமல் சமையலறைப் பக்கம் போகட்டும். கடைசியாக ஒரு சின்னத் திருத்தம். மூன்றாவது படத்துக்குக் கீழே 'பழைய தேவாலயத்தின் உட்புறம்' என்று போட்டிருக்கிறீர்கள். அது தேவாலயம் இல்லை, நான் மேலே சொன்ன அண்டுயிசா பந்து மைதானம், சுவரில் தெரியும் வட்டக் கறைகள் பந்து பட்ட அடையாளம். அடுத்த இதழில் திருத்தம் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பாய்சி, ஐடஹோ